கோஷத்தை விடுங்கள், வரையறையைப் படியுங்கள்

தொழில்நுட்பத்தைப் பற்றியோ வர்த்தகத்தைப் பற்றியோ புதிதாக ஒரு சட்டம் வரப்போகிறது என்றால் போதும், இரண்டே நாளில் எல்லாரும் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுவார்கள். இது வந்தால் தொழில் அழிந்துவிடும் என்று ஒரு கூட்டம், இது வராவிட்டால் நாடே அழிந்துவிடும் என்று இன்னொரு கூட்டம். நானும் பல வருடம் தலைப்பை மட்டும் பார்த்துப் பக்கம் சாய்ந்தவன்தான். "புத்தாக்கத்தை ஊக்குவிக்கும் மசோதா" என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அப்புறம் அடிபட்டு அடிபட்டு ஒரு பழக்கம் வந்தது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சொல்லப்போவதில்லை. சாய்வதற்கு முன் எதைப் பார்ப்பது, பார்த்த பிறகு அரசுக்குக் கருத்து எழுதுவதென்றால் எப்படி எழுதுவது, அவ்வளவுதான்.

மூலத்தைத் தேடி எடுங்கள். வரைவு மசோதா, அறிவிக்கை, ஒப்பந்த வாசகம், எதுவோ அது. செய்தியும் விளக்க வீடியோவும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆவணத்தைத் திறந்ததும் முன்னுரையில் நேரம் செலவழிக்காதீர்கள், முன்னுரையில் எல்லாச் சட்டமும் நல்ல சட்டம்தான். நேராக வரையறைப் பிரிவுக்குப் போங்கள். பெரும்பாலும் ஆரம்பத்திலேயே, இரண்டாவது மூன்றாவது பிரிவில் இருக்கும். "இச்சட்டத்தில்" என்று தொடங்கி ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டு போகும் அந்தச் சலிப்பான பகுதியில்தான் சண்டையின் பாதி முடிவாகிறது. மேடையில் கத்துகிறவர்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள், சட்டத்தால் காசு பார்க்கப்போகிறவர்களோ அதை மட்டும்தான் படித்திருப்பார்கள்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு பொம்மைக் கதையைக் கேளுங்கள். அமெரிக்கச் சுங்கப் பட்டியலில் அப்போது மனித உருவம் உள்ள பொம்மைக்கு ஒரு தலைப்பு, மிருகம், பூதம் மாதிரி மனிதரல்லாத உருவத்துக்கு வேறொரு தலைப்பு. ஆங்கிலத்தில் முதலாவது டால், இரண்டாவது டாய். தமிழில் இரண்டுமே பொம்மைதான், ஆனால் வரியில் பெரிய வித்தியாசம் இருந்தது: முதலாவதற்கு 12 சதவீதம், இரண்டாவதற்கு 6.8 சதவீதம். டாய் பிஸ் என்ற நிறுவனம் எக்ஸ்-மென் என்ற சித்திரக்கதைப் பாத்திரங்களின் பொம்மைகளை இறக்குமதி செய்தது. சுங்கத்துறை அவற்றை மனித உருவம் என்றது. நிறுவனம் வழக்குப் போட்டது. நகம் இப்படி இருக்கிறதே, இயந்திரக் கை இருக்கிறதே, இது எப்படி மனிதனாகும் என்று வருடக்கணக்கில் வாதம் ஓடியது. 2003-ல் அமெரிக்கப் பன்னாட்டு வணிக நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது: இவை மனிதரைக் குறிக்கவில்லை, குறைந்த வரியே போதும். அந்தக் கதைகளின் அடிநாதமே "நாங்களும் மனிதர்கள்தான்" என்ற மன்றாடல் என்பதால் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். பாவம், நீதிமன்றத்துக்குக் கதை தெரியுமா என்ன!

சிரிப்பாக இருந்தாலும் பெரிய சண்டைகளும் இதே மாதிரிதான் நடக்கின்றன. 1996-ல் சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பின் கூட்டத்தில் பல நாடுகள் சேர்ந்து தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கு இறக்குமதி வரி வேண்டாம் என்று ஓர் ஒப்பந்தம் போட்டன. கணினி பிரிண்டருக்கு வரி கிடையாது. சரி. கொஞ்ச வருடத்தில் அதே பிரிண்டர் நகலெடுக்க ஆரம்பித்தது, ஸ்கேன் செய்தது, ஃபேக்ஸ் அனுப்பியது. இப்போது அது பிரிண்டரா, நகலெடுக்கும் இயந்திரமா? ஐரோப்பிய ஒன்றியம் சில வகைகளை நகலெடுக்கும் இயந்திரம் என்று வைத்து 6 சதவீதம் வரி போட்டது. சில எல்சிடி திரைகளையும் இப்படியே ஒப்பந்தத்துக்கு வெளியே தள்ளியது. அமெரிக்காவும் ஜப்பானும் தைவானும் 2008-ல் புகார் கொடுத்தன, 2010-ல் உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்புக்குழு ஒன்றியத்துக்கு எதிராக முடிவு சொன்னது. இதில் யாரும் "எங்களுக்குத் தொழில்நுட்பம் பிடிக்காது" என்று சொல்லவில்லை. எல்லாரும் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான், ஒரு சொல்லுக்குள் எது அடங்கும் என்பதில்தான் தகராறு.

வர்த்தக விஷயம் என்றால் வரையறையோடு ஹெச்.எஸ். குறியீட்டையும் பாருங்கள். உலக சுங்க அமைப்பு பராமரிக்கும் பட்டியல் அது, முதல் 6 இலக்கம் பெரும்பாலும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான், அதற்குப் பிறகு வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்ளும். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறைதான் திருத்துவார்கள் என்பதால் தொழில்நுட்பம் எப்போதும் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்மார்ட்போனுக்கென்று தனிக் குறியீடு (8517.13) வந்ததே 2022-ல்தான். அதுவரை அது மற்றக் கைபேசிகளோடு ஒரே வரியில் கிடந்தது. ஆக, யாராவது பழைய வருடங்களுக்கான "உலக ஸ்மார்ட்போன் இறக்குமதி" என்று சுங்கப் புள்ளிவிவரத்தைக் காட்டினால், அதைச் சாதாரண போனிலிருந்து எப்படிப் பிரித்தீர்கள் என்று கேளுங்கள்.

வரையறை இருக்கிறதா என்று பார்ப்பதைப் போலவே, இல்லாமல் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 1998-ல் உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் "மின்னணுப் பரிமாற்றங்களுக்கு" இப்போதைக்குச் சுங்கவரி விதிக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டன. மின்னணுப் பரிமாற்றம் என்றால் என்ன? கம்பியில் ஓடும் தகவல் மட்டுமா, அல்லது அதில் வரும் படம், மென்பொருள், விளையாட்டு எல்லாமும் சேர்த்தா? எழுதிவைக்கவே இல்லை. முதலாவதுதான் என்று இந்தியா, இந்தோனேசியா மாதிரி நாடுகள் வாதாடின, இரண்டும் சேர்ந்ததுதான் என்று அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள். 2018-ல் இந்தோனேசியா ஒரு காரியம் செய்தது, ரசித்துப் படித்தேன்: தன் சுங்கப் பட்டியலில் மென்பொருளுக்கும் டிஜிட்டல் பொருட்களுக்கும் 99-ஆம் அத்தியாயம் என்று புதிதாக ஒன்றைத் திறந்து, வரி 0 சதவீதம் என்று எழுதிவைத்தது. பைசா வசூல் இல்லை. ஆனால் நாளைக்கு வரி போடுவதென்றால் நாற்காலி தயாராகப் போட்டாயிற்று.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை எளிதானது. வரையறையில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லையில் நிற்கும் ஒரு பொருளை யோசியுங்கள். "சமூக ஊடகத் தளம்" என்றால் கருத்துப் பெட்டி உள்ள செய்தித்தளம் உள்ளே வருமா? விளையாட்டுக்குள் இருக்கும் அரட்டை அறை? "செயற்கை நுண்ணறிவு அமைப்பு" என்றால் வங்கி இருபது வருடமாக வைத்திருக்கும் கடன் மதிப்பெண் சூத்திரம்? மூன்று எல்லைப் பொருட்களை யோசித்தாலே சட்டத்தை எழுதினவர்கள் யாரை மனதில் வைத்து எழுதினார்கள், யாரை மறந்தே போனார்கள் என்று தெரிந்துவிடும்.

யார் கணக்கில் எழுதுகிறார்கள்

வரையறை முடிந்ததா, அடுத்தது பணம். ஒவ்வொரு கொள்கைக்கும் ஒரு பில் உண்டு, அதை யாரோ கட்டுகிறார்கள். ஆதாயம் பெறுகிறவர் சிலர், அவர்களுக்குக் கிடைப்பது பெரிய தொகை. கட்டுகிறவர்கள் லட்சக்கணக்கானோர், ஆளுக்குக் கொஞ்சம்தான். அதனால் ஆதாயம் பெறுகிறவர் வக்கீல் வைத்துப் பேசுவார், கட்டுகிறவருக்குத் தான் கட்டுவதே தெரியாது.

2018-ல் அமெரிக்கா வாஷிங் மெஷின் இறக்குமதிக்கு 20 முதல் 50 சதவீதம் வரை வரி போட்டது. உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்பது காரணம். பிறகு பொருளியல் ஆய்வாளர்கள் விலைகளை எடுத்துப் பார்த்தார்கள். வாஷர் விலை சுமார் 12 சதவீதம் ஏறியிருந்தது, அதை எதிர்பார்த்தார்கள். துணி உலர்த்தும் டிரையருக்கு வரியே இல்லை, அதுவும் ஏறக்குறைய அதே அளவு ஏறியிருந்தது! காரணம், அந்த ஊரில் இரண்டையும் ஜோடியாகத்தான் விற்பார்கள், கடைக்காரர் ஏற்றத்தை இரண்டிலும் பங்கு போட்டுவிட்டார். வாஷரின் விலையை மட்டும் பார்த்திருந்தால் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும். புதிதாக வந்த வேலைகள் சுமார் 1,800. நுகர்வோர் கூடுதலாகக் கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 150 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலருக்கு மேல்.

இதை வைத்துக்கொண்டு வரி என்றாலே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். "அவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, இந்தத் திறமை நாட்டுக்குள் இருக்க வேண்டும், நாளைக்கு வெளியிலிருந்து வராமல் நின்றுபோனால் என்ன செய்வது" என்று ஒருவர் சொன்னால் அது நேர்மையான வாதம். சில துறைகளில் எனக்கும் அது சரி என்றே படுகிறது. செலவே இல்லை, வெளிநாட்டுக்காரன்தான் கட்டுகிறான் என்று சொல்கிறவரிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: டிரையர் எங்கே? வரி போடாத பொருளில், சட்டம் பேசாத ஆளிடம், விளைவு எங்கே போய் இறங்குகிறது?

அப்படியே "தற்காலிகம்" என்ற சொல்லைக் கண்டால் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1960-களில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரியை ஏற்றின. பதிலுக்கு அமெரிக்கா உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, அப்புறம் சிறு சரக்கு வாகனங்கள், இந்த நான்குக்கும் 25 சதவீதம் வரி போட்டது. கோழிக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மற்ற மூன்றுக்கும் வரி காலப்போக்கில் போய்விட்டது. வண்டிக்கு மட்டும் அறுபது வருடமாக அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அதன் நிழலில் ஒரு தொழிலே வளர்ந்துவிட்டது, இனி அதை எடுக்கிறேன் என்று யார் சொல்வது? பயணிகள் வண்டிக்கு அப்போது 2.5 சதவீதம்தான் என்பதால் ஃபோர்டு தன் டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின் இருக்கையோடும் பின் ஜன்னலோடும் கப்பலில் கொண்டுவந்து இறக்கி, சுங்கத்தைத் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றி எறிந்து சரக்கு வேனாக்கி விற்றது. வழக்கு நடந்து, 2024-ல் 36.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. உட்கார யாருமில்லாத இருக்கையைத் தயாரித்து, கடல் கடந்து அனுப்பி, பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள், அத்தனை வருடம். வரியை எழுதும்போது யாரும் இந்தச் செலவைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

"புத்தாக்கம்" என்ற சொல்லை என்ன செய்வது

இந்த விவாதங்களில் அதிகமாகத் தேய்ந்துபோன சொல் இதுதான். கட்டுப்பாடு வேண்டாம் என்பவரும் புத்தாக்கத்துக்காகத்தான் பேசுகிறார், இன்னும் பலமான காப்புரிமை வேண்டும் என்பவரும் அதற்காகத்தான். நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. இந்தச் சட்டத்தால் யார், எப்போது, எந்த முடிவை மாற்றி எடுப்பார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். "இந்தப் பாதுகாப்பு இருந்தால் இந்த மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனைக்கு நிறுவனம் பணம் போடும், இல்லாவிட்டால் போடாது" என்றால் அது வாதம். மருந்தில் இது பெரும்பாலும் உண்மையும்கூட, கண்டுபிடித்துச் சோதித்துப் பார்க்கத்தான் செலவு, நகல் எடுப்பது மலிவு. எல்லாத் துறைக்கும் இதையே நீட்டினால்தான் சிக்கல்.

அமெரிக்கா 1998-ல் பதிப்புரிமைக் காலத்தை 20 வருடம் நீட்டியது, ஆசிரியர் இறந்து 50 ஆண்டு என்றிருந்தது 70 ஆனது. படைப்பாளிகளுக்கு ஊக்கம் என்றார்கள். ஆனால் நீட்டிப்பு ஏற்கனவே வெளியாகிவிட்ட படைப்புகளுக்கும் சேர்த்து. எழுதி முடித்துப் போய்ச் சேர்ந்தவருக்கு இன்னும் 20 வருடம் கொடுத்தால் அவர் எழுந்துவந்து இன்னொன்று எழுதப்போகிறாரா? வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது 17 பொருளியலாளர்கள் சேர்ந்து கிட்டத்தட்ட இதையே சொல்லி மனு கொடுத்தார்கள், அதில் 5 பேர் நோபல் பரிசு பெற்றவர்கள். பொருளியலில் வேறுவேறு பார்வை கொண்ட மில்டன் ஃப்ரீட்மனும் கென்னத் ஆரோவும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் 2003-ல் 7-க்கு 2 என்று சட்டத்தை உறுதிசெய்தது, அது நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று. சட்டப்படி செல்லும் என்பதும் சொன்ன காரணம் பொருந்தும் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள், விவாதத்தில் இவற்றை ஒன்றாகக் கலந்து அடிப்பார்கள், பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயமுறுத்தலை எடைபோட

புதிதாக எது வந்தாலும் பழைய தொழில் அலறும். 1982-ல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் சங்கத் தலைவர் ஜாக் வாலென்டி நாடாளுமன்றக் குழுவின் முன் வீடியோ ரெக்கார்டரைத் தொடர் கொலைகாரனோடு ஒப்பிட்டுப் பேசினார். 1984-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற நூலிழையில் அந்தக் கருவியை விட்டுவைத்தது. பிறகு வீடியோ கேசட் விற்பனையும் வாடகையும் அதே நிறுவனங்களுக்குப் பெரிய வருமானமாகின. இந்தக் கதையைச் சொல்லித்தான் தொழில்நுட்பக்காரர்கள் எல்லா எச்சரிக்கையையும் கேலி செய்வார்கள்.

அவர்கள் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. பெட்ரோலில் ஈயம் கலப்பதும் 1920-களின் புத்தாக்கம்தான், எஞ்சின் சத்தம் குறைந்தது, திறன் கூடியது. 1925-ல் அமெரிக்க அரசு கூட்டிய மாநாட்டிலேயே ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவர்கள் ஈயம் விஷம், தெருவெங்கும் பரவும் என்று எச்சரித்தார்கள். தீங்கு நடக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றது தொழில் தரப்பு. ஈய பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-ல்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேட்க வேண்டியது புரியும். தப்பாகப் போனால் திருப்ப முடியுமா? ஸ்டூடியோ நஷ்டப்பட்டால் சட்டத்தைத் திருத்தலாம், குழந்தையின் உடம்பில் சேர்ந்த ஈயத்தை என்ன செய்வது? அடுத்து, நிரூபிக்கும் பாரம் யார் தலையில்? "ஆதாரம் இல்லை" என்று சொல்கிறவரிடமே அந்த ஆதாரத்துக்கான தரவு முழுவதும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய பெரிய தளங்களின் விஷயத்தில் எனக்கு உறுத்துவது இதுதான். வெளியிலிருந்து ஆராய வழி இல்லாமல் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து யாரும் நிரூபிக்கவில்லை என்பது வாதமாகாது.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. வர்த்தகப் பற்றாக்குறை என்று நாடுவாரியாக ஒரு பட்டியல் காட்டுவார்கள். 2009-ல் சீனாவில் பாகங்களை இணைத்துத் தயாரான ஒரு ஐபோனின் ஆலைச் செலவு 178.96 டாலர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பாகங்களை இணைக்கும் வேலைக்குச் சீனாவுக்குப் போனது 6.50 டாலர். மீதி ஜப்பான், ஜெர்மனி, தென்கொரியா, அமெரிக்கா என்று பல நாட்டு உதிரிப்பாகங்கள். ஆனால் சுங்கப் புள்ளிவிவரத்தில் மொத்த 178.96-ம் சீனாவின் ஏற்றுமதி. எண் பொய் இல்லை, அது எண்ணுவது பெட்டி எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது என்பதை. "மதிப்பு எங்கே சேர்ந்தது" என்பது உங்கள் கேள்வியானால் அந்த எண்ணில் பதில் இல்லை.

இனி எழுதுவது

இவ்வளவும் பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், கருத்துக்கேட்புக் காலத்தில் சொல்லுங்கள். எப்போது வரைவு வருகிறது என்று தெரியவே தெரியாது என்பவர்களுக்கு: உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி நாடுகள் புதிய தொழில்நுட்ப விதிகளை வரைவு நிலையிலேயே மற்ற நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும், கருத்துச் சொல்ல 60 நாள் கொடுக்கும்படி பரிந்துரை. 2023-ல் மட்டும் இப்படி வந்த அறிவிப்புகள் 4,000-ஐத் தாண்டின. இ-பிங் என்ற இலவசச் சேவையில் பதிவு செய்து, பொருளையும் நாட்டையும் தேர்ந்தெடுத்துவிட்டால் மின்னஞ்சலில் தானாக வந்துசேரும். ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனங்களில்கூடப் பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

நான் முதல் தடவை அனுப்பியது ஆறு பக்கம். உரிமை, ஜனநாயகம், வரலாறு, எல்லாம் இருந்தது. பிரிவு எண் ஒன்றுகூட இல்லை. அந்த அலுவலகம் வெளியிட்ட தொகுப்பில் "சிலர் பொதுவான கவலை தெரிவித்தனர்" என்ற ஒரு வரிக்குள் நான் அடங்கிப்போனேன். கோபம் வந்தது, பிறகு யோசித்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை, அதை வைத்துக்கொண்டு அவர்கள் எந்த வரியைத் திருத்துவார்கள்? இப்போது எழுதுவது ஒன்றரைப் பக்கம். எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல், அது யாரை எப்படி இடிக்கிறது என்பதற்கு நேரில் தெரிந்த ஒரு நிகழ்வு, அதற்குப் பதிலாக எந்த வாசகம் போடலாம். அந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "இந்தச் சொல் தெளிவாக இல்லை" என்று எழுதினால் அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போவார். "இந்தச் சொல்லுக்குப் பிறகு 'வணிக நோக்கத்துக்காக' என்று சேர்க்கவும்" என்று எழுதினால் அவர் சேர்க்க வேண்டும் அல்லது ஏன் சேர்க்கவில்லை என்று யோசிக்கவாவது வேண்டும். அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் கீழ், முக்கியமான கருத்துகளுக்குப் பதில் சொல்லாமல் விதி போட்டால் நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்யக்கூடும். எல்லா நாட்டிலும் இவ்வளவு பலம் கிடையாது, இருந்தாலும் பிரிவு எண்ணோடு வரும் தாளைத் தூக்கிப் போடுவது எங்கேயும் கொஞ்சம் கஷ்டம்.

எண்ணிக்கையை நம்பாதீர்கள். 2017-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் இணையச் சமநிலை விதிகளை (எல்லாத் தளத்தையும் இணைய நிறுவனங்கள் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பவை) நீக்குவது பற்றிக் கருத்துக் கேட்டபோது 2.2 கோடி கருத்துகள் குவிந்தன. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்குரைஞரின் அலுவலகம் விசாரித்து 2021-ல் அறிக்கை தந்தது: ஏறக்குறைய 1.8 கோடி போலி. பிராட்பேண்ட் நிறுவனங்கள் பணம் போட்ட பிரசாரத்திலிருந்து மட்டும் 85 லட்சம், உண்மையான ஆட்களின் பெயரில், அவர்களுக்கே தெரியாமல். எதிர்ப்பக்கத்தில் 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் கற்பனைப் பெயர்களில் தனியாளாக 77 லட்சம் அனுப்பியிருந்தார். இரண்டு பக்கமும் சளைத்ததில்லை. இந்த மலைக்குள் உண்மையாக உட்கார்ந்து எழுதினவரின் தாள் எங்கே கிடந்ததோ.

இதே விஷயத்தில் இந்தியாவில் 2015-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், டிராய், 118 பக்க ஆவணத்தில் 20 கேள்விகள் கேட்டிருந்தது. யார் படிப்பார்கள்? தன்னார்வலர்கள் சிலர் அந்த 20 கேள்விகளையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் வாசகம் தயார் செய்து, மக்கள் தங்கள் சொற்களில் மாற்றி அனுப்பும்படி ஒரு தளம் அமைத்தார்கள். 10 லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல் போனது. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்கு ஒரு கட்டணம் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்ற உத்தரவு வந்தது. கூட்டம் பெரிதாக இருந்தது ஒரு காரணம், கேட்ட கேள்விக்கே பதிலாக இருந்தது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். அதே நிகழ்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது: வந்த கருத்துகளை ஆணையம் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டது. ஆகவே கருத்து அனுப்பத் தனியாக ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள், தாளில் தொலைபேசி எண், வீட்டு விலாசம் எல்லாம் கேட்டால் ஒழியப் போடாதீர்கள்.

அனுப்பியாயிற்று என்று மறந்துவிடவும் கூடாது. இறுதி வடிவம் வந்ததும் வரைவையும் அதையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வையுங்கள். முதலில் வரையறைப் பிரிவு, சொல் சொல்லாக. ஒரு காற்புள்ளி நகர்ந்திருந்தாலும் யாரோ மெனக்கெட்டு நகர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்து, "அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம்" என்று ஏதாவது வரி புதிதாக முளைத்திருக்கிறதா என்று தேடுங்கள், வரைவில் தோற்றவர்கள் பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் திரும்பி வருவார்கள். அப்புறம் அமலுக்கு வரும் தேதி, மறுஆய்வுத் தேதி. மறுஆய்வு 3 வருடம் கழித்து என்று போட்டிருந்தால் அதற்கு இரண்டு மாதம் முன்பாகப் போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள், பிரிவு எண்ணையும் உங்கள் பழைய தாள் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.